காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?
சர்வீஸுக்குப் பின் உறுமும் எஞ்சின் சொல்லித்தரும் அறிவியல்

சர்வீஸ் முடிந்து கார் வீட்டுக்கு வருகிறது. எஞ்சின் எண்ணெய் புதிது, ஏர் ஃபில்டர் புதிது, ஸ்பார்க் பிளக்குகளும் புதிது. ஆனால், சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாக உறுமுகிறது. 800-இல் நிற்க வேண்டிய முள் 1500-இல் நிற்கிறது. "சர்வீஸுக்கு முன்னால் நன்றாகத்தானே இருந்தது? பட்டறையில் எதையோ கெடுத்துவிட்டார்கள்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். "அதெல்லாம் இல்லை, சென்சார் போயிருக்கும். புதிதாக ஒன்று போட்டால் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர்.

மாணவர்களே, இந்த இருவரில் யார் சொல்வது சரி? இப்போதைக்கு யாருமே இல்லை. முதலாமவர், ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததால் முதலாவதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இரண்டாமவர் சோதிக்காமலேயே தீர்ப்புச் சொல்கிறார். தீர்ப்பு தவறென்றால் புதிய சென்சாரின் விலை வீண், எஞ்சினும் அப்படியே உறுமும்.

ஆனால் காக்கைக்கும் பட்டறைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காக்கையின் எடை பனம்பழத்தை வீழ்த்தப் போதாது. பட்டறையிலோ மெக்கானிக்கின் கை எஞ்சினின் பல பாகங்களை உண்மையிலேயே தொட்டிருக்கிறது. ஆகவே 'சர்வீஸ்தான் காரணம்' என்பது நல்ல கருதுகோள். அது முடிவாக மாற வேண்டுமானால் சோதனை தேவை. அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

நிற்கும் காரில் எஞ்சின் என்ன செய்கிறது?

கார் நிற்க, எக்ஸலரேட்டர் மிதியில் கால் இல்லாமல் எஞ்சின் மட்டும் ஓடும் நிலையை 'ஐட்லிங்' என்பார்கள். இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில், சூடான எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 முதல் 850 முறை சுழலும். உங்கள் காருக்குரிய சரியான அளவு அதன் கையேட்டிலோ எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள தாளிலோ இருக்கலாம்.

அந்த வேகத்தை எது தீர்மானிக்கிறது? பலர் 'பெட்ரோல்' என்று சொல்வார்கள். உண்மையில், பெட்ரோல் எஞ்சினில் முதலில் அளவிடப்படுவது காற்று. எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்பதை உணரிகள் கண்டறிந்து எஞ்சினின் கணினிக்குச் சொல்கின்றன. அதற்கேற்பக் கணினி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எடைக் கணக்கில் 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், எரிதல் கூடும், எஞ்சின் வேகமாகச் சுழலும். உராய்வும் மற்ற சுமைகளும் சேர்ந்து அந்த விசையைச் சமன்செய்யும் இடத்தில் வேகம் நிலைபெறும்.

ஆகவே 'எஞ்சின் ஏன் வேகமாகச் சுழல்கிறது?' என்ற கேள்வியை 'கூடுதல் காற்று எந்த வழியாக வருகிறது?' என்று மாற்றிக் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை தேடுவது எளிது. வழிகள் சிலவே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

ஒரு சின்னக் கணக்கு

காற்று நுழையும் முக்கிய வாசல் 'திராட்டில்'. குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு இருக்கும். மிதியை அழுத்தினால் தகடு திரும்பி வழிவிடும். ஐட்லிங்கில் அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும். மிகச் சிறிய இடைவெளி மட்டுமே திறந்திருக்கும்.

1.3 லிட்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 800 சுழற்சி என்றால் 400 முறை. 400 × 1.3 = 520 லிட்டர். ஆனால் திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், அதற்கு அப்பால் உள்ள 'இன்டேக் மேனிஃபோல்டு' என்ற குழாய்த் தொகுதியில் அழுத்தம் மிகவும் குறைவு. வெளியே வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். உள்ளே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான். அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே எஞ்சின் உண்மையில் இழுக்கும் காற்று, வெளிக்காற்றாகக் கணக்கிட்டால், வினாடிக்கு 2 முதல் 3 லிட்டர். எடையில் 2 முதல் 3 கிராம்.

இனிதான் வியப்பான செய்தி. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் 53 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால், இடைவெளியில் பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்குமேல் உள்ளழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் கூடுதல் காற்று பாயாது. நுழையும் காற்றின் அளவைத் துளையின் பரப்பளவுதான் தீர்மானிக்கும். வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் காற்று, 1 சதுர மில்லிமீட்டர் துளை வழியே வினாடிக்கு ஏறத்தாழ 0.2 கிராம் நுழையும்.

இப்போது, மேனிஃபோல்டில் மாட்டியிருக்கும் சிறிய ரப்பர் குழாய் ஒன்று கழன்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் உள்விட்டம் 4 மில்லிமீட்டர். பரப்பளவு 3.14 × 2 × 2 = 12.6 சதுர மில்லிமீட்டர். அதன் வழியே நுழையும் காற்று 12.6 × 0.2, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 2.5 கிராம். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடத் தேவையான மொத்தக் காற்றுக்கு இது சமம்! பானம் குடிக்கும் ஸ்ட்ரா அளவுள்ள ஒரு குழாய் கழன்றாலே, திராட்டிலை முழுக்க மூடினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். சர்வீஸின்போது ஒரு குழாயைச் சரியாக மாட்டாமல் விடுவது ஏன் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருகிறது என்பது இப்போது புரிகிறதா?

எஞ்சினும் ஒரு பின்னூட்ட அமைப்பு

எஞ்சின் கணினி சும்மா இருப்பதில்லை. வேகம் கூடினால் திராட்டிலைக் கொஞ்சம் மூடும். குறைந்தால் கொஞ்சம் திறக்கும். இதைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்கிறோம். இந்தக் கருத்து கணினிக்கு மிகவும் முந்தையது. ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் நீராவி எஞ்சினில் சுழலும் இரண்டு உலோகக் குண்டுகளை வைத்து வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவி வால்வை மூடும். வேகம் குறைந்தால் அவை தாழ்ந்து வால்வைத் திறக்கும்.

இத்தகைய கட்டுப்பாட்டில் சில நேரம் ஒரு சிக்கல் வரும். வேகம் கூடும், குறையும், மீண்டும் கூடும். நிலையாக நிற்காது. ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மின்காந்த அலைகளை முன்கூட்டியே கணித்த அதே மேக்ஸ்வெல்தான். இன்றும் கூடுதல் காற்று நுழையும் காரில் முள் 1200-க்கும் 1800-க்கும் இடையே ஊஞ்சலாடுவதைப் பார்க்கலாம். வேகம் மிஞ்சியதும் கணினி பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுந்ததும் மீண்டும் பீய்ச்சுகிறது. கூடுதல் காற்று அப்படியே இருப்பதால் வேகம் மறுபடி ஏறுகிறது.

முதலில் உற்றறிதல்

பள்ளியில் நீங்கள் படித்த அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் நினைவிருக்கும். உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், பரிசோதனை செய்தல். நல்ல மெக்கானிக் இவற்றையேதான் செய்கிறார். பெயர் மட்டும் சொல்வதில்லை.

முதல் கேள்வி: ஐட்லிங் உண்மையிலேயே அதிகமா? காலையில் எஞ்சினை முடுக்கியதும் முள் 1200-க்கும் மேலே நிற்பது இயல்பு. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியும் சூடானால்தான் வேலை செய்யும். ஆகவே கணினி வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டுகிறது. எஞ்சின் சூடேறச் சூடேற அது தானாகக் குறையும். ஏர்கோனைப் போட்டாலும் முள் சற்று உயரலாம். கம்ப்ரஸரின் சுமையைத் தாங்க அது தேவை.

எனவே உற்றறிதலில் மாறிகளைக் கட்டுப்படுத்த வேண்டும். எஞ்சின் முழுக்கச் சூடாகியிருக்க வேண்டும். ஏர்கோன், விளக்குகள், வானொலி எல்லாம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கியர் 'பி' நிலையில் இருக்க வேண்டும். இந்த நிலையில் முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'ரொம்ப உறுமுது' என்பது புகார். 'சூடான எஞ்சின், ஏர்கோன் இல்லை, 1500' என்பது தரவு. மெக்கானிக்கிடம் "அண்ணே, இப்படி இருக்கு" என்று இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இரண்டாவது கேள்வி: சர்வீஸில் எதையெல்லாம் தொட்டார்கள்? ரசீதைப் பாருங்கள். ரசீதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு கருதுகோளுக்கு அடிப்படை.

ரசீதிலிருந்து கருதுகோள்கள்

ஏர் ஃபில்டர் மாற்றினார்களா? அதன் பெட்டியைத் திறக்கும்போது அருகில் உள்ள குழாய்களைக் கழற்ற வேண்டியிருக்கும். ஒன்று மாட்டப்படாமல் விட்டுப்போயிருக்கலாம். ரப்பர் பழையதென்றால் இழுத்ததில் விரிசல் விட்டிருக்கலாம்.

எண்ணெய் மாற்றினார்களா? எண்ணெய் ஊற்றும் மூடியோ அளவுகோலோ சரியாகப் பொருந்தியிருக்கிறதா? எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுக்களை மேனிஃபோல்டுக்குக் கொண்டுசெல்ல 'பி.சி.வி.' என்ற வால்வும் குழாயும் உண்டு. மூடி திறந்திருந்தால் அந்த வழியாகவும் கணக்கில் வராத காற்று நுழையும்.

திராட்டிலைச் சுத்தம் செய்தார்களா? இது சுவையான கருதுகோள். ஆண்டுக்கணக்கில் திராட்டில் விளிம்பில் கரி படியும். இடைவெளி குறையும். கணினி அதைச் சமாளிக்கத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து, அந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு நாள் மெக்கானிக் கரியைத் துடைத்துவிடுகிறார். தகடோ பழைய நினைவின்படியே திறக்கிறது. கரி இல்லாததால் இடைவெளி பெரிதாகி, காற்று அதிகம் நுழைகிறது. பல கார்களில் கணினி தான் கற்ற மதிப்பைச் சுற்றிக் குறுகிய எல்லைக்குள்தான் திருத்தம் செய்யும். ஆகவே அது மறுபடி கற்கும்வரை வேகம் அதிகமாகவே இருக்கும். இங்கே எதுவும் கெடவில்லை. மெக்கானிக் செய்ததும் நல்ல வேலைதான். கணினியின் நினைவு மட்டும் பழையது. சில கார்கள் சிறிது நேரம் ஓட்டினால் தாமே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குத் தயாரிப்பாளர் குறித்த முறைப்படி, ஸ்கேனர் கருவி கொண்டு கற்பிக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றினார்களா? அப்போது கற்ற மதிப்புகள் பல கார்களில் அழிந்துவிடும். விளைவு மேலே சொன்னதைப் போன்றதே.

குளிர்விப்பு நீரை மாற்றினார்களா? அதன் வெப்பநிலையை அளக்கும் உணரி, சூடாக ஆக மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. பல கார்களில் 20 பாகை செல்சியஸில் 2000 முதல் 3000 ஓம் இருக்கும். 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓமாகக் குறைந்துவிடும். உணரியைச் சுற்றிக் காற்றுக்குமிழி தங்கிவிட்டாலோ அதன் மின்னிணைப்பு தளர்ந்தாலோ 'எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது' என்று கணினி நம்பிவிடும்.

சர்வீஸோடு தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. காருக்குள் கழுவிப் போட்ட தரைவிரிப்பு மிதியின்மேல் ஏறியிருக்கலாம். சிரிக்காதீர்கள். இது மிகவும் ஆபத்தான காரணம், சரிசெய்வதோ மிகவும் எளிது. முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே.

எந்த வரிசையில் சோதிப்பது?

எளிதானதை முதலில், விலையில்லாததை முதலில், எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்யக்கூடியதை முதலில். தரைவிரிப்பு, எண்ணெய் மூடி, அளவுகோல், ஏர் ஃபில்டர் பெட்டியின் கொக்கிகள், கண்ணுக்குத் தெரியும் குழாய்கள், மின்னிணைப்புகள். இவற்றைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காதால் கேட்பது. கசிவு இருந்தால் 'உஸ்ஸ்' என்ற ஓசை வரலாம். ஒலியின் வேகத்தில் பாயும் காற்று மௌனமாக நுழையாது.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாததற்கு ஸ்கேனர் உதவும். இங்கே ஓர் அழகான தருக்கம் இருக்கிறது. பல கார்களில் 'கணினி விரும்பும் வேகம்', 'உண்மையான வேகம்' என்று இரண்டு எண்களை ஸ்கேனர் காட்டும்.

இரண்டும் 1500 என்றால், கணினியே அந்த வேகத்தைக் கேட்கிறது. காற்றுக் கசிவைத் தேடுவது வீண். கணினிக்குப் பொய்த் தகவல் தரும் உணரியைத் தேட வேண்டும். வெப்பநிலை உணரிதான் முதல் சந்தேகம்.

கணினி கேட்பது 750, கிடைப்பது 1500, திராட்டிலோ தன்னால் இயன்ற அளவு மூடிவிட்டது என்றால், காற்று வேறு வழியாக வருகிறது. கசிவைத் தேட வேண்டும்.

கணினி கேட்பது 750, கிடைப்பது 1500, திராட்டில் இன்னும் தேவைக்கு மேல் திறந்தே இருக்கிறது என்றால், தகடு சிக்கியிருக்கலாம், கேபிள் இறுகியிருக்கலாம், அல்லது கணினி மறுபடி கற்க வேண்டியிருக்கலாம்.

ஒரே ஒப்பீட்டில் காரணங்களின் நீண்ட பட்டியல் மூன்றாகப் பிரிந்துவிட்டது பாருங்கள். நல்ல சோதனை என்பது இதுதான். எந்த விடை வந்தாலும் அது சில கருதுகோள்களை நீக்கிவிடும்.

ஸ்கேனர் பிழைக் குறியீடுகளையும் காட்டும். 'பி0507' என்றால் ஐட்லிங் வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகம். 'பி0171' என்றால் கலவையில் காற்று மிகுதி. ஆனால் குறியீடு நோயின் அறிகுறியைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. 'காய்ச்சல்' என்று வெப்பமானி சொல்வதைப் போல. குறியீட்டைப் பார்த்ததும் ஒரு பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் என்றதும் கைக்குக் கிடைத்த மாத்திரையை விழுங்குவதற்குச் சமம்.

இன்னொரு சோதனை. கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டிக்கொடுக்கிறது என்பதையும் ஸ்கேனரில் பார்க்கலாம். ஐட்லிங்கில் 20 விழுக்காடு கூட்டிக்கொடுத்து, 2500 சுழற்சியில் அது பூச்சியத்தை நெருங்கினால் கசிவு என்று வலுவாக ஊகிக்கலாம். ஏன்? வினாடிக்கு 0.5 கிராம் கசிகிறது என்று கொள்வோம். எஞ்சின் 2.5 கிராம் இழுக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சின் 10 கிராம் இழுக்கும்போது இருபதில் ஒரு பங்குதான். கசிவின் அளவு மாறவில்லை, அதன் விகிதம் மாறிவிட்டது. காற்றின் எடையை நேரடியாக அளக்கும் உணரி உள்ள கார்களில் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் வகைக் கார்களில், கசிந்த காற்றும் கணக்கில் வந்துவிடும். பெட்ரோலும் அதற்கேற்பச் சேரும். அங்கே எஞ்சின் தடுமாறாமல், சீராக, ஆனால் வேகமாக ஓடும்.

ஒரு மாதிரி வழக்கு

இதுவரை கண்டதை ஒரு கற்பனை வழக்கில் பொருத்திப் பார்ப்போம். 1.3 லிட்டர் தானியங்கிக் கார். ரசீதில் எண்ணெய், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், திராட்டில் சுத்தம் என்ற நான்கு வரிகள். சூடான எஞ்சின், ஏர்கோன் இல்லை, முள் 1500-இல்.

தரைவிரிப்பு, மூடி, அளவுகோல் எல்லாம் சரி. ஸ்கேனரில் வெப்பநிலை 88 பாகை. உண்மைக்குப் பொருந்துகிறது. கணினி கேட்பது 750. திராட்டில் முடிந்த அளவு மூடியிருக்கிறது. ஆகவே கசிவு. ரசீதின்படி ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாய்களைப் பார்க்கிறார் மெக்கானிக். பி.சி.வி. குழாயின் ஒரு முனை இடத்தில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. தொட்டுப் பார்த்தால் தளர்வு. எஞ்சினை நிறுத்தி, நன்றாக அழுத்தி மாட்டி, கவ்வியைப் போடுகிறார். மறுபடி முடுக்கினால் 950.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 1500-இலிருந்து 950-க்கு இறங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று பெட்டியை மூடிவிடுவார்கள். ஆனால் இலக்கு 750. எஞ்சிய 200 எங்கிருந்து வருகிறது? மறுபடி ஸ்கேனர். இப்போது திராட்டில் முழுக்க மூடவில்லை, பழைய நினைவின்படி நிற்கிறது. ரசீதின் நான்காவது வரி நினைவுக்கு வருகிறது. முறைப்படி கணினிக்குக் கற்பித்ததும் முள் 750-இல் நிலைக்கிறது. இந்தக் காரில் காரணம் ஒன்றல்ல, இரண்டு. பெரிய காரணம் சிறியதை மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்ததால்தான் இரண்டும் தனித்தனியே தெரிந்தன. குழாய், சென்சார், பிளக் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது பயன் தந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அலட்சியம் வேண்டாம்

'கொஞ்சம் உறுமினால் என்ன?' என்று விட்டுவிடக்கூடாது. தானியங்கிக் காரில் ஐட்லிங் 1500-இல் இருக்கும்போது 'பி'-யிலிருந்து 'டி'-க்கு மாற்றினால் கார் முன்னோக்கிப் பாயும். வீட்டு வாசலில், பள்ளி வாசலில், குழந்தைகள் நிற்கும் இடத்தில் இது விபத்தாகலாம். நின்றிருக்கும்போதும் பிரேக்கை வழக்கத்தைவிட அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பிரேக்கை எளிதாக அழுத்த உதவும் அமைப்பும் மேனிஃபோல்டின் குறைந்த அழுத்தத்தைத்தான் பயன்படுத்துகிறது. கசிவு அந்தக் குழாயில் இருந்தால் பிரேக் மிதி கல்லைப்போல் கடினமாகிவிடும். பெரியவர்கள் இதை எளிதில் சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியைப் பல முறை அழுத்தி, கடினமானதும் அழுத்தியபடியே எஞ்சினை முடுக்க வேண்டும். மிதி சற்றுக் கீழே இறங்கினால் நல்லது. இறங்கவில்லை என்றால் காரை ஓட்டக்கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும்.

உங்களுக்கும் ஓர் அறிவுரை. ஓடும் எஞ்சினுக்குள் கைவிடாதீர்கள். ரேடியேட்டரின் விசிறி திடீரென்று தானாகச் சுழலும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளித்துக் கசிவு தேடும் காணொளிகளைப் பார்த்து முயலாதீர்கள். பட்டறையில் அதற்குப் பாதுகாப்பான புகைச் சோதனை இருக்கிறது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உங்கள் பங்கு உற்றறிதல், குறித்துக்கொள்ளுதல், கேள்வி கேட்டல்.

நீங்களே கண்டறியுங்கள்

1. குளிர்விப்பு நீரை மாற்றிய பிறகு ஒரு காரின் ஐட்லிங் 1400. எஞ்சின் நன்றாகச் சூடாகியும் குறையவில்லை. ஸ்கேனரில் நீரின் வெப்பநிலை −40 பாகை என்று காட்டுகிறது. எதை முதலில் பார்ப்பீர்கள்?

2. கார்புரேட்டர் பொருத்திய ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள். சர்வீஸுக்குப் பின் ஐட்லிங் அதிகம். கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பினால் வேகம் இன்னும் கூடுகிறது, நேராக்கினால் குறைகிறது. காரணம் என்ன?

3. ஏர் ஃபில்டர் மாற்றிய மறுநாள் ஒரு காரின் ஐட்லிங் 1500. பெட்டியையும் குழாய்களையும் சரிபார்த்தாகிவிட்டது. எல்லாம் இறுக்கமாக இருக்கின்றன. ஸ்கேனரில் கணினி கேட்பதும் 1500, கிடைப்பதும் 1500. ஏர் ஃபில்டரைக் குற்றம் சொல்லலாமா?

விடைகள்: (1) உணரியின் மின்னிணைப்பு. நம் நாட்டில் −40 பாகை இருக்க முடியாது. இணைப்பு அறுந்தால் மின்தடை மிக அதிகமாகத் தெரியும். கணினி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. (2) திராட்டில் கேபிள். அது தளர்வே இல்லாமல் இறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது தவறான வழியில் செலுத்தப்பட்டிருக்கிறது. திருப்பும்போது கேபிள் இழுபட்டுத் திராட்டில் திறக்கிறது. சாலையில் இது மிகவும் ஆபத்தானது. சரிசெய்யும்வரை ஓட்டக்கூடாது. (3) சொல்ல முடியாது. அந்த வேகத்தைக் கணினியே கேட்கிறது. கணினிக்குத் தகவல் தரும் உணரிகளைச் சோதிக்க வேண்டும். இந்த முறை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.